காட்டுப் படத்தில் வெயிலும் நிழலும்: எங்கே பிழை, எப்படித் திருத்துவது

வடசென்னையில் வரையப் பழகுகிற பெரும்பாலோரின் கண்ணுக்குப் பழக்கமானது தெரு வெயில். வண்ணாரப்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ காலை பத்து மணிக்குத் தெருவைப் பார்த்தால் ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் நிழல், நடுவே ஒரு கோடு. மேலே திறந்த வானம் என்பதால் அந்த நிழலில் நீலம் ஏறியிருக்கும். அதே கணக்கைக் காட்டுக் காட்சிக்குக் கொண்டுபோகும்போதுதான் படம் கெடுகிறது. காட்டில் தலைக்கு மேல் இருப்பது இலைக்கூரை. வெயில் அதன் இடுக்கு வழியாக இறங்குகிறது. நிழல் அந்த இலைகளின் நிறத்தை வாங்கிக்கொள்கிறது.

திரும்பத் திரும்ப வருகிற கோளாறுகளை அறிகுறி வாரியாகக் கீழே பிரித்திருக்கிறது. உங்கள் படத்தில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத திருத்தம் முதலில் வரும், பணமோ நாளோ பிடிக்கிற திருத்தம் கடைசியில். அளவுகள் அக்ரிலிக்குக்கு உரியவை. வாட்டர் கலர், போஸ்டர் கலர், ஆயில் வேறுபடும் இடத்தில் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறது.

## பிரஷ்ஷை எடுப்பதற்கு முன் மூன்று சோதனை

படத்தைப் போனில் போட்டோ எடுத்து, கருப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். நிறம் போனபிறகு மிஞ்சுவது வெளுப்பும் அழுத்தமும் மட்டும். காட்டுப் படத்தில் பாதிப் பிழை இங்கேயே வெளிப்பட்டுவிடும்.

அடுத்தது தூரம். சின்ன அறையில் பின்னால் நகர இடமிருக்காது. எதிரே ஒரு கண்ணாடியை வைத்து அதில் படத்தைப் பாருங்கள். தூரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இடம் வலம் மாறுவதால், பார்த்துப் பார்த்துப் பழகிப்போன பிழையும் கண்ணில் படும்.

மூன்றாவது, படத்தை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்துப் பார்ப்பது. நேர் வெயிலில் வைக்க வேண்டாம்.

கருப்பு வெள்ளையில் வெயில் எங்கே என்று உடனே தெரியவில்லை என்றால் அறிகுறி 1. தெரிகிறது, ஆனால் தரையோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது என்றால் அறிகுறி 2. நிழலுக்குள் எதுவுமே தெரியாத கருப்பு என்றால் 3. கருப்பு வெள்ளையில் நன்றாக இருக்கிறது, நிறத்தோடு பார்த்தால்தான் கெட்டிருக்கிறது என்றால் 4. மாடியில் வேறு படமாகத் தெரிகிறது என்றால் நேராக 7.

## அறிகுறி 1: வெயிலே அடிக்கவில்லை, படம் முழுக்க மங்கல்

இதற்கு எல்லோரும் செய்கிற வைத்தியம் வெயில் பட்ட இடத்தில் இன்னும் கொஞ்சம் வெள்ளை சேர்ப்பது. அதைச் செய்யாதீர்கள். வெயில் மங்கலாகத் தெரிந்தால் வெயிலைத் தொடாமல் அதைச் சுற்றியுள்ள நிழலைப் பாருங்கள். பத்தில் எட்டுப் படங்களில் என்று சொல்லத்தக்க அளவுக்குக் கோளாறு அங்கேதான்.

நிழல் போதிய அழுத்தம் இல்லை. ஒரு அட்டைத் துண்டில் வெள்ளை தொடங்கிக் கருப்பு வரை ஐந்து கட்டம் பூசிக்கொள்ளுங்கள்: 1 வெள்ளை, 5 கருப்பு. காய்ந்தபின் அதைப் படத்தின் மேல் வைத்து ஒப்பிடுங்கள். ஒரே பொருளைத்தான் ஒப்பிட வேண்டும். வெயிலில் கிடக்கும் சருகுக்கும் நிழலில் கிடக்கும் சருகுக்கும் நடுவே குறைந்தது இரண்டு கட்ட வித்தியாசம் வேண்டும். அடர்ந்த காட்டின் உள்ளே பெரும்பாலான நிழல் 4-ஐ ஒட்டியும், மரத்தடி, வேர் இடுக்கு போன்ற சில இடங்கள் மட்டும் 5-ஐ ஒட்டியும், வெயில் பட்ட தரை 2-ஐ ஒட்டியும் நிற்கும். உங்கள் படத்தில் எல்லாமே 3-ஐச் சுற்றி இருக்கிறதென்றால் காரணம் கிடைத்துவிட்டது.

திருத்தம்: அல்ட்ராமெரின் புளூ இரண்டு பங்கு, பர்ன்ட் அம்பர் ஒரு பங்கு. இந்தக் கலவையில் ஒரு பங்குக்குக் கிளேஸிங் மீடியம் (பெயின்ட்டை, கீழே உள்ளது தெரியும்படி மெல்லியதாக்கும் திரவம்) ஐந்து பங்கு சேர்த்து, ஒரு அங்குலத் தட்டைப் பிரஷ்ஷால் நிழல் பகுதி முழுக்க மெல்லப் பூசுங்கள். கீழே வரைந்தது தெரிய வேண்டும். நன்றாகக் காய்ந்தபின் போதவில்லையென்றால் இன்னொரு பூச்சு. ஒரே தடவையில் அழுத்தமாகப் பூசினால் கீழே உள்ள கிளை, சருகு எல்லாம் மூடிப்போகும். மீடியம் இல்லையென்றால் தண்ணீர் போதும். ஆனால் பெயின்ட்டின் அளவைத் தாண்டித் தண்ணீர் விட வேண்டாம். தாண்டினால் பிடிமானம் குறைந்து, அடுத்த பூச்சின்போது நிறம் கழன்று வரலாம்.

அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கறுக்கும். ஈரமாக இருக்கும்போது சரியாகத் தெரிகிற நிழல் காய்ந்தபின் அதிகமாகிவிடும். அதனால் ஒரு துண்டுக் கேன்வாஸில் தடவி, ஹேர் டிரையரால் காயவைத்துப் பார்த்துவிட்டுத்தான் படத்தில் பூச வேண்டும். போஸ்டர் கலரில் இந்தக் கிளேஸ் வேலையே செய்யாது. கீழ்ப்பூச்சு கரைந்து எழும்பிச் சேறாகும். நிழல் நிறத்தைக் கெட்டியாகக் கலந்து, தேய்க்காமல் ஒரே இழுப்பில் வைக்க வேண்டும்.

வெயில் அதிக இடத்தைப் பிடித்திருக்கிறது. படத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெயில் இருந்தால் காடு தோப்பாகிவிடும். பாதிக்குப் பாதி வைப்பது எல்லாவற்றிலும் மோசம். கண்ணுக்கு எது முக்கியம் என்று தெரியாது. எந்த வெயிலை விட்டுக்கொடுக்கலாம் என்று பார்த்து, ஓரங்களில் இருப்பதை முதலில் நிழலாக்குங்கள்.

வெள்ளை கலந்து கலந்து வெயில் வெளிறிப்போயிருக்கிறது. டைட்டானியம் ஒயிட் எந்த நிறத்தோடு சேர்ந்தாலும் அதன் சூட்டைக் குறைத்துவிடும். கருப்பு வெள்ளையில் வெளிச்சமாகவும், நிறத்தோடு பார்த்தால் மாவு பூசியதாகவும் தெரிந்தால் இதுதான். அந்த இடத்தின் மேல் லெமன் யெல்லோவை மீடியத்தில் கரைத்து மிக மெல்லிய ஒரு பூச்சு கொடுங்கள். சருகு, மண் என்றால் லெமன் யெல்லோவுக்குப் பதில் யெல்லோ ஓக்கரும் துளி ஆரஞ்சும்.

வாட்டர் கலரில் வெளிச்சம் என்பது காகிதமே. விட வேண்டிய இடத்தை மூடிவிட்டால், ஈரப்படுத்திய விறைப்பான பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் ஒற்றியெடுக்கலாம். நல்ல பருத்திக் காகிதத்தில் ஓரளவு திரும்பக் கிடைக்கும். மெல்லிய டிராயிங் தாளில் தாள்தான் கிழியும். அப்போது புதுத் தாளில் தொடங்குவதே குறைந்த செலவு.

இரண்டு மூன்று கிளேஸுக்குப் பிறகும் வெயில் எழும்பவில்லையென்றால், தொடக்கத்திலேயே வெயில் நிழல் பிரிக்காமல் இலை இலையாக வரைந்துகொண்டு போயிருக்கிறீர்கள். அந்தப் படத்தை மேலும் பூசிக் காப்பாற்ற முடியாது. புதுக் கேன்வாஸில் பர்ன்ட் அம்பரை மட்டும் வைத்து, நிழல் முழுவதையும் ஒரே நிறத்தில் அடைத்து, காயவிட்டுப் பிறகு நிறத்துக்குப் போங்கள். புதுப் படத்திலும் இதே கோளாறு வந்தால் முறையாகக் கற்றவர் ஒருவரிடம் காட்ட வேண்டிய நேரம். 1850-இல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி ஈ.வெ.ரா. பெரியார் சாலையில்தான் இருக்கிறது. அங்கே படித்தவர் ஒருவர் உங்கள் படத்தை எதிரில் வைத்து ஒரு மணி நேரம் பேசினால், தனியாக மாதக்கணக்கில் தேடுவது அந்த ஒரு மணியில் கிடைக்கும்.

## அறிகுறி 2: வெயில் புள்ளிகள் தரையில் விழாமல் சுண்ணாம்பு தெளித்ததுபோல் நிற்கின்றன

காட்டுப் படத்தில் மிக அதிகமாக வருவது இதுதான். இதற்குக் காரணங்களும் பல.

வடிவம் தப்பு. இலை இடுக்கு முக்கோணமாக இருந்தாலும் நட்சத்திரமாக இருந்தாலும் உயரத்திலிருந்து விழுகிற புள்ளி வட்டம்தான், ஏனென்றால் அது சூரியனின் பிம்பம். நம்ப முடியவில்லையென்றால் ஒரு அட்டையில் 5 மில்லிமீட்டர் சதுர ஓட்டை வெட்டி, நண்பகல் வெயிலில் தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் பிடியுங்கள். கீழே விழுவது சுமார் 2 செ.மீ. அகலமுள்ள, ஓரம் கலங்கிய வட்டம். ஆகவே இலை வடிவத்தில் கூர்கூராக வரைந்த புள்ளிகளை எல்லாம் மாற்ற வேண்டும். கையெட்டும் உயரத்தில் உள்ள செடியின் நிழலில் மட்டும் இலை வடிவம் தெரியலாம்.

அளவு தப்பு. இடுக்கு இருக்கும் தூரத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் புள்ளியின் அகலம். மரக்கூரை 10 மீட்டர் உயரம் என்றால் உச்சி வெயிலில் புள்ளி 9 செ.மீ., அதாவது ஒரு உள்ளங்கை அகலம். 20 மீட்டர் என்றால் ஒரு சாண் அளவுக்கு வரும். 3 மீட்டர் புதர் என்றால் 3 செ.மீ.கூட இருக்காது. படத்தில் ஒரு ஆளோ மாடோ ஒற்றையடிப் பாதையோ இருந்தால் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உயர்ந்த மரங்களை வரைந்துவிட்டுக் கீழே பொடிப்பொடியாகப் புள்ளி வைத்தால், எதனால் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவர் கண் அதை நம்பாது.

நேரம் தப்பு. நண்பகலில் வட்டம். வெயில் சாய்ந்தால் நீள்வட்டம். சூரியன் அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் இருக்கும்போது, அதாவது காலை எட்டு, எட்டரை மணி வாக்கில், புள்ளியின் நீளம் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. அகலமும் கூடியிருக்கும், ஏனென்றால் சாய்ந்து வரும் வெயில் அதிக தூரம் கடந்து வருகிறது. நீளவாக்கு எப்போதும் சூரியன் இருக்கும் திசையை நோக்கி. இங்கே ஒரு முரண்பாடு அடிக்கடி வருகிறது: தரையில் வட்டப் புள்ளிகள், அடிமரத்தின் பக்கவாட்டிலோ பளீர் வெயில். உச்சி வெயில் நேர்மரத்தின் பக்கத்தைத் தொடாது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சென்னையில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேராக நிற்கும். அந்த நாட்களில் ஒரு பூங்காவில் தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்று பார்த்தால் இது தெளிவாகப் புரியும். ஒன்று புள்ளிகளை நீட்டுங்கள், இல்லையென்றால் மரத்தின் மேல் உள்ள வெயிலை எடுங்கள்.

எல்லாம் ஒரே அளவு வெளிச்சம், ஒரே இடைவெளி. சின்ன இடுக்கு வழியே வருவது மங்கலாக இருக்கும். பல இடுக்குகளின் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் பளிச்சென்றிருக்கும். அதனால் மூன்று படி வேண்டும்: நிழலைவிடச் சற்றே வெளுத்த மங்கல் புள்ளிகள் நிறைய, நடுத்தரம் சில, முழு வெயில் மிகச் சில. ஒன்றோடொன்று ஒட்டிக் கூட்டமாக இருக்கட்டும். கூட்டங்களுக்கு நடுவே புள்ளியே இல்லாத பெரிய நிழல் கட்டாயம் வேண்டும்.

தரையின் மேடு பள்ளத்தைப் புள்ளி பின்பற்றவில்லை. பாதையில் விழுந்த புள்ளி வேரின் மேல் ஏறும்போது வளைய வேண்டும். அடிமரத்தில் விழுந்தால் மரத்தின் உருளையோடு சுற்ற வேண்டும். தொலைவில் உள்ளவை கோடாக ஒடுங்க வேண்டும்.

திருத்தும் முறை: இருக்கிற புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்வதில் பயனில்லை. நிழல் நிறத்தில் முழுவதையும் மூடுங்கள். பழைய புள்ளிகள் மங்கலாக உள்ளே தெரிந்தால் அவையே முதல் படியாகப் பயன்படும். காய்ந்தபின் 6 எண் ரவுண்ட் பிரஷ்ஷை நுனியால் குத்தாமல் பக்கவாட்டில் படுக்கவைத்து நடுத்தரப் புள்ளிகளை வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஓரத்தில் பாதியை மட்டும் ஈரப் பிரஷ்ஷால் உடனே கலைத்துவிடுங்கள். மே மாத வெயிலில் அக்ரிலிக் பேலட்டிலேயே இறுகிவிடும். ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். முழு வெயில் புள்ளிகள் கடைசியாக. அவற்றை ஐந்தாறு இடத்தில் வைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சவுக்குத் தோப்பை வரைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சவுக்கில் அகன்ற இலை கிடையாது. ஊசி ஊசியான மெல்லிய குச்சிகள்தான். நிழல் மெல்லிய, கலங்கலான நிழல். அங்கே திட்டமான வட்டப் புள்ளிகளை வைத்தால் மரம் வேறு, நிழல் வேறு ஆகிவிடும்.

## அறிகுறி 3: நிழல் கருங்குழியாகிறது

பேலட்டில் கருப்பு டியூப் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதைத் தூர வையுங்கள். அல்ட்ராமெரினும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் கருப்புக்கு மிக அருகே போகும். நீலம் கூடினால் குளிர்ந்த நிழல், சியன்னா கூடினால் சூடான நிழல். அடர்ந்த பச்சைக் காட்டுக்கு விரிடியனும் கிரிம்சனும். பழைய அலிஸரின் கிரிம்சன் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். டியூப்பில் ‘பெர்மனன்ட்’ என்று போட்டதை வாங்குங்கள்.

கருப்பு டியூப் இல்லை, அப்படியும் குழியாகத்தான் இருக்கிறது என்றால் போட்டோவைச் சந்தேகப்படுங்கள். ஜவ்வாது மலையிலோ நாகலாபுரம் மலையிலோ எடுத்துவந்த போன் போட்டோவைப் பார்த்து வரைந்தால், போன் பார்த்ததைத்தான் வரைகிறீர்கள். வெயிலுக்குச் சரியாக எடுத்த படத்தில் நிழல் அடைந்துபோகும். நிழலுக்குச் சரியாக எடுத்ததில் வெயில் வெறும் வெள்ளையாகும். அடுத்த முறை ஒரே இடத்தில் இரண்டு படம் எடுங்கள்: திரையில் வெயிலைத் தொட்டு ஒன்று, நிழலைத் தொட்டு ஒன்று. வரையும்போது வெயில் பகுதிக்கு முதல் படம், நிழல் பகுதிக்கு இரண்டாவது படம். இரண்டையும் பிசைந்து சமப்படுத்தித் தரும் தானியங்கி வசதியை அணைத்துவிடுங்கள். அது நிழலின் அழுத்தத்தை எல்லாம் தூக்கிவிட்டு உங்களை அறிகுறி 1-க்கு அனுப்பிவிடும்.

நிறத்திலும் தவறு வரும். தெரு நிழலில் பழகிய கை காட்டு நிழலிலும் நீலத்தை வைக்கும். இலைக்கூரையின் கீழே நிழலுக்குள் வருவது இலையை ஊடுருவிய, இலையில் பட்டுத் தெறித்த வெளிச்சம். அதில் மஞ்சள் கலந்த பச்சைதான் இருக்கும். வானம் நேரடியாகத் தெரிகிற இடத்தில் மட்டும், அதாவது பாதை விளிம்பு, காட்டின் ஓரம், நீர்நிலைக் கரை ஆகியவற்றில், நீலம் வரலாம். நிழல் பகுதியில் ஒரு மூலையில் சாப் கிரீனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்து மெல்லப் பூசிப் பாருங்கள். உள்ளே காற்றோட்டம் வந்துவிட்டதாகத் தெரிந்தால் அதே கலவையை மற்ற நிழலுக்கும் கொண்டுபோங்கள்.

வெயில் திட்டுக்கு அருகே நிற்கும் அடிமரத்தின் நிழல் பக்கத்தைக் கவனியுங்கள். தரையில் பட்ட வெயில் தெறித்து, மரத்தின் கீழ்ப்பகுதிக்குச் சூடான மங்கிய வெளிச்சம் ஏறும். யெல்லோ ஓக்கரும் பர்ன்ட் சியன்னாவும் மெல்லியதாக ஒரு பூச்சு. ஐந்து கட்ட அட்டையில் 4-ஐத் தாண்டி வெளுக்கக் கூடாது. எண்ணூர் பக்கத்து அலையாத்திக் காட்டை வரைந்தால் இன்னும் ஒன்று உண்டு: ஈரச் சேறு வானத்தைக் காட்டும். அங்கே மரத்தின் அடி, நினைப்பதைவிட வெளுப்பாக இருக்கும்.

## அறிகுறி 4: எங்கும் ஒரே பச்சை

இரண்டு செ.மீ. ஓட்டை போட்ட வெள்ளைத் தாளைப் படத்தின் மேல் நகர்த்தி, ஆறு இடத்தில் நின்று பாருங்கள். ஆறில் நான்கு இடமாவது வேறு வேறு பச்சையாகத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் சாப் கிரீன் டியூப்பிலிருந்து நேரே படத்துக்குப் போயிருக்கிறது.

ஒரே இலைக்கு மூன்று பச்சை உண்டு. வெயிலுக்கு முன்னால் நின்று ஊடுருவித் தெரியும் இலை: லெமன் யெல்லோ ஐந்து பங்கு, சாப் கிரீன் ஒரு பங்கு, வெள்ளை வேண்டாம். மேல்பக்கம் வானத்தைத் தெறிக்கும் இலை: அல்ட்ராமெரின், யெல்லோ ஓக்கர், வெள்ளை, சாம்பல் கலந்த நீலப்பச்சை. புங்கை, ஆல் போன்ற பளபளப்பான இலைகளில் இது மிக அதிகம். நிழலில் இருக்கும் இலை: சாப் கிரீன் மூன்று, பர்ன்ட் சியன்னா ஒன்று. இந்த மூன்றும் இருந்தால் வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது இலையிலேயே தெரியும். வெயில் எதிரிலிருந்து வரும் காட்சியில் முதலாவது மிகும்; முதுகுப் பக்கமிருந்து வந்தால் இரண்டாவது.

தேலோ கிரீன் வைத்திருப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கடுகளவு போதும், கலவை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். மிஞ்சிப்போனால் அதற்கு மேல் மஞ்சள் சேர்க்காமல் கிரிம்சனைத் துளித் துளியாகச் சேர்த்து அடக்குங்கள்.

## அறிகுறி 5: காட்டுக்குள் தூரம் இல்லை

பின்னால் உள்ள மரமும் முன்னால் உள்ள மரமும் ஒரே அழுத்தத்தில் இருக்கின்றன. பின் மரங்களின் மேல் வெள்ளையும் அல்ட்ராமெரினும் துளி ஓக்கரும் கலந்த மெல்லிய பூச்சைக் கொடுத்து, பட்டையின் வெடிப்புகளை மறையவிடுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகும்.

ஆகவில்லையென்றால் இலைகளுக்கு நடுவே தெரியும் வானத் துண்டுகளைப் பாருங்கள். திறந்த வானத்தின் அதே நிறத்தை அங்கே வைத்தால் அவை மரத்துக்கு முன்னால் வந்து மினுக்கும். துண்டு சிறிதாகச் சிறிதாக அரைப்படி அழுத்தம் கூட வேண்டும். சிலவற்றின் குறுக்கே மெல்லிய குச்சி ஒன்று போகட்டும்.

## அறிகுறி 6: ஒளிக்கதிர்கள் வெள்ளைப் பட்டைகளாக நிற்கின்றன

பனியோ புகையோ தூசியோ இல்லாத காற்றில் கதிர் தெரியாது. மார்கழிக் காலைக் காட்சியில் வரும். வறண்ட மே மாத நண்பகலில் வராது. காட்சிக்குப் பொருந்தவில்லையென்றால் முழுவதையும் எடுத்துவிடுவதே நல்லது.

பொருந்துகிறதென்றால் ஒரு நூலை எடுத்து ஒவ்வொரு கதிரையும் பின்னோக்கி நீட்டிப் பாருங்கள். எல்லாம் சூரியன் இருக்கும் ஒரே புள்ளியில் போய்ச் சேர வேண்டும், அந்தப் புள்ளி படத்துக்கு வெளியே இருந்தாலும். கதிர் கறுத்த அடிமரத்தின் முன்னால் தெரியும், பளிச்சென்ற வெளியின் முன்னால் மறையும். இரண்டு இடத்திலும் ஒரே அளவு தெரிந்தால் அது பட்டையாகிவிடும். பூசும்போது படம் முற்றிலும் காய்ந்திருக்க வேண்டும். பழைய தட்டைப் பிரஷ்ஷில் பெயின்ட்டைத் தொட்டு, துணியில் முக்கால் பங்கு துடைத்துவிட்டு, மிச்சத்தை மேலிருந்து கீழாக லேசாக இழுங்கள். கீழே தரையைத் தொடுமுன் கரைந்துபோக வேண்டும்.

## அறிகுறி 7: அறையில் நன்றாக இருந்தது, பகலில் கெட்டுப்போயிருக்கிறது

பக்கத்துச் சுவரின் நிறம் என்ன? பச்சையோ ரோஸோ அடித்த சின்ன அறையில் அந்த நிறம் தெறித்துப் படத்தின் மேல் விழும். ஈசலைச் சுற்றி இரண்டு பக்கமும் வெள்ளைப் போர்வையைத் தொங்கவிட்டுப் பாருங்கள், செலவில்லை.

அடுத்தது ஜன்னல். வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் வரையுங்கள், நேர் வெயில் வராது என்று ஐரோப்பிய ஓவியப் பாடங்களில் படித்திருப்பீர்கள். சென்னைக்கு அது ஆண்டு முழுவதும் பொருந்தாது. நாம் 13 டிகிரி வடக்கில் இருக்கிறோம். ஏப்ரல் கடைசி தொடங்கி ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சூரியன் நண்பகலிலும் நமக்கு வடக்கே நிற்கிறது, அதனால் வடக்கு ஜன்னலிலும் வெயில் இறங்கும். அந்த மாதங்களில் ஜன்னலுக்கு வெள்ளை வேட்டித் துணியை ஒற்றை மடிப்பாகக் கட்டிவிடுங்கள்.

இரவில் வரைகிறவர்களுக்குக் கடைசிச் செலவு பல்ப். சாதாரண 6500 கெல்வின் எல்.ஈ.டி. நீலம் தூக்கலானது, அதன் கீழே சூடாகத் தெரியட்டும் என்று மஞ்சளைக் கூட்டிக்கொண்டே போவீர்கள், பகலில் படம் மஞ்சள் காமாலையாக இருக்கும். 5000 கெல்வின் அளவில், சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்கிற அளவு) 90-க்கு மேல் என்று அட்டையில் அச்சிட்ட பல்பை வாங்குங்கள். சாதாரண பல்பைவிட விலை கூடும்; ஆனால் வீணாகும் பெயின்ட்டோடு ஒப்பிட்டால் இதுவே சிக்கனம். பேலட்டும் கேன்வாஸும் ஒரே பல்பின் கீழ் இருக்க வேண்டும்.

## அறிகுறி 8: காய்ந்தபின், சில நாளில், நிழல் வெளுத்துப்போகிறது

எதில் வரைந்தீர்கள் என்பதைப் பொறுத்து இது மூன்றாகப் பிரியும்.

ஆயில். நிழல் பகுதி மட்டும் பளபளப்பு இழந்து சாம்பலாகத் தெரிந்தால், எண்ணெய் கீழே உறிஞ்சப்பட்டிருக்கிறது. பர்ன்ட் அம்பரில் அடிக்கடி வரும். டர்பன்டைன் அதிகம் விட்டாலும் வரும். தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்தபின், லின்சீட் ஆயிலும் டர்பன்டைனும் சம அளவு கலந்து, துணியில் தொட்டு மிக மெல்லத் தடவி, உடனே வேறு துணியால் மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். அழுத்தம் திரும்பிவிடும். அந்தத் துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். லின்சீட் ஆயில் தோய்ந்த துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள் அல்லது தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

வார்னிஷ் அடித்த படம். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் வார்னிஷ் அடித்தால் ஈரக்காற்று பட்டு வெண்புகையாகப் படியலாம். கறுத்த நிழலில்தான் முதலில் தெரியும். வறண்ட நாள் வரை காத்திருந்து மென்மையான உலர்ந்த துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். போகவில்லை, படமோ பழையது அல்லது இன்னொருவருடையது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். வார்னிஷைக் கரைத்து எடுப்பது ஓவியப் பாதுகாப்பு பயின்றவர் செய்யும் வேலை. கேன்வாஸின் பின்புறம் பூஞ்சை படர்ந்திருந்தாலும் அவரிடமே போக வேண்டும்.

சுவர். பள்ளிச் சுவர், அங்கன்வாடிச் சுவர் எனக் காட்டுக் காட்சி கேட்கிறவர்கள் வடசென்னையில் நிறைய. கடலோரச் சுவர்களில் நிழல் பகுதி வெள்ளையாகப் பூத்தால் பெயின்ட்டைக் குறை சொல்ல வேண்டாம், அது உப்பு. வெளுத்த வெயில் பகுதியிலும் பூத்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதிர்த்து, உதிர்ந்ததைக் கூட்டி அள்ளுங்கள்.

பிறகு ஓர் அடிக்கு ஓர் அடி பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் முழுக்க விடுங்கள். தாளின் உள்பக்கம் உலர்ந்திருந்தால் உப்பு பழையது. காரத்தைத் தாங்கும் ப்ரைமர் ஒரு கோட், மேலே எக்ஸ்டீரியர் எமல்ஷனில் நிழலைத் திரும்பப் பூசலாம். உள்பக்கம் நீர் கோத்திருந்தால் சுவருக்குள்ளிருந்து ஈரம் வருகிறது. அதன்மேல் எத்தனை முறை பூசினாலும் நிழல் மறுபடி வெளுக்கும். பூத்திருப்பது தரையிலிருந்து இடுப்பளவுக்குள் என்றால் அடியிலிருந்து ஓதம் ஏறுகிறது. மேலே கூரையை ஒட்டி என்றால் தளம் ஒழுகுகிறது. நடுவில் ஒரே திட்டு என்றால் உள்ளே குழாய் கசிகிறது. மூன்றிலும் கொத்தனாரையோ பிளம்பரையோ முதலில் அழைத்து ஈரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். புதிதாகப் பூசிய சிமென்ட் நான்கு வாரமாவது ஆற வேண்டும். மழைக்காலத்தில் கேட்டால் தை கழியட்டும் என்று பள்ளியிடம் தயங்காமல் சொல்லுங்கள். அதற்குள் அவசரம் என்றால் ஈரமில்லாத மேல்பாதியில் மட்டும் இலைக்கூரையை வரைந்து, அடிமரத்தையும் தரை நிழலையும் சுவர் உலர்ந்தபின் முடித்துக்கொடுக்கலாம்.